குடியை விட்ட தம்பி

என் தம்பி குடியை விட்டுவிட்டான் என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் நான்தான். பாடாலூர் மெயின்ரோட்டில் எனக்கு ஒரு இட்லிக் கடை. பஸ்ஸுக்கு நிற்பவர்களைக்கூட விட்டதில்லை. சட்னி ஊற்றும்போதே தம்பி கதையை ஆரம்பித்துவிடுவேன். வாய் சும்மா இருந்தால்தானே!

அவன் அரியலூரில் டிப்பர் லாரி ஓட்டினான். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வேலை. எத்தனை நடை அடிக்கிறானோ அதற்கேற்ற சம்பளம். குடித்தே வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தவனை நான்தான் குலதெய்வக் கோயிலுக்கு இழுத்துப் போய்க் கையில் கயிறு கட்ட வைத்தேன். "எதையெல்லாம் விடணும்னு சொல்லும்மா" என்று பூசாரி கேட்டார். பிராந்தி, பீர், சாராயம், கள் என்று நானே அடுக்கினேன். அவன் சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தை அவன் இன்றுவரை மீறவில்லை.

அதன் பிறகு இரண்டு ஆள் வேலையை ஒருவனாகப் பார்த்தான். லீவு நாளில் வீட்டு ஃபேனைக் கழற்றித் துடைத்து மாட்டுவான். மாட்டியதை மறுபடி கழற்றுவான். சோறு வேண்டாம் என்பான். கன்னம் ஒட்டிப்போனது. உழைக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நான் பூரித்துப்போனேன். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

ஒருநாள் காலையில் அவன் மனைவி கடைக்கு வந்தாள். முந்தானையில் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட் ஒன்றை முடிந்து வைத்திருந்தாள். அடியில் கல்லுப்பு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"அண்ணி, இது அவரு சட்டைப் பையில கெடந்துச்சு. நாலு நாளா கண்ண மூடல. வெளியில யாரோ நின்னு பாக்குறாங்கன்னு என்னையும் புள்ளையையும் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டுறாரு. பயமா இருக்கு அண்ணி."

"குடிக்கிறானா?"

"இல்ல."

"அப்புறம் என்னடி? குடிச்சாலும் அழுவுற, குடிக்கலன்னாலும் அழுவுற. அவன் நல்லா இருக்கறது ஒனக்குப் பொறுக்கலயா?"

நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். அவள் பாக்கெட்டை மறுபடி முடிந்துகொண்டு போய்விட்டாள்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. பட்டப்பகலில் லோடுக்கு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். கூட ஓட்டுகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, போதை மாத்திரை, பொடி ஏதாவது எடுப்பாரா என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் தம்பி தங்கம் சார், எதையும் தொடமாட்டான்" என்று நான் பாய்ந்தேன்.

அவன் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பாக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். மெத் என்கிற போதைப்பொருள் அது என்றார் டாக்டர். தூக்கத்தையும் பசியையும் அடக்கும், இதயத்தை விரட்டும், மனத்தில் இல்லாத பயத்தைக் கிளப்பும். தூக்கம் வராமல் கூடுதலாக ரெண்டு நடை அடிக்கலாம் என்று யாரோ முதலில் கொடுத்தார்களாம். பிறகு அது இல்லாமல் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியவில்லை.

பிழைத்துக்கொண்டான். கண் விழித்ததும் என்னிடம் சொன்னது இதுதான்: "நீ சொன்ன எதையும் நான் தொடலயேக்கா." செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இதயம் பழுதாகிவிட்டது, இனி லாரி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போதை மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு இப்போது என் வீட்டில் கிடக்கிறான். பாதி நாள் தூங்குகிறான். விழித்திருக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், இல்லையென்றால் எரிந்து விழுகிறான். அவன் மனைவி பிள்ளையோடு பூலாம்பாடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன வாரம் அவர்களைக் கூப்பிடப் போனேன். வெட்கத்தை விட்டுக் கையைப் பிடித்தேன்.

"தப்பு என்னுதுதான். வந்துடும்மா."

"அன்னைக்கு ஒங்களத் தவிர எனக்கு யாரும் இல்லன்னுதான் அண்ணி ஓடியாந்தேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் காபி போட உள்ளே போனதும் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது படிக்கிறது.

"அத்த, அப்பா தூங்குறாரா?"

"ஆமாண்டா கண்ணு. இப்பல்லாம் நல்லாத் தூங்குறாரு."

"எழுப்பிடாதீங்க அத்த" என்றது.