ஐந்து மணிக்கு மேல்

அவனியாபுரத்தில் கேட் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தமிழ்மாறன், யார் கூப்பிட்டாலும் போய்விடுவார். கல்யாணப் பந்தல், காதுகுத்து, ஜல்லிக்கட்டுக் கமிட்டி என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. காது கேளாத ஐந்து வயது மகள் ஓவியாவுக்கு, காது கேட்கும் மெஷின் வைத்தபிறகு தினமும் ஒரு மணி நேரம் பேச்சுப் பயிற்சி தரச் சொல்லியிருந்தார்கள். மனைவி வேலை முடிந்து வர எட்டாகும். அதனால் பயிற்சி இவர் பொறுப்பு. அது தள்ளிக்கொண்டே போனது.

போன மாதம் பயிற்சி ஆசிரியை, "மெஷின் வச்சு ஒரு வருஷமாச்சு. வீட்டுல யாருமே இவகூடப் பேசலையா?" என்று கேட்டார். தமிழ்மாறனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. மறுநாள் ஐந்து மணிக்கே பட்டறையைச் சாத்தினார்.

வாசலில் நண்பர் செல்வக்குமார் பைக்கோடு நின்றார். "மாப்ள, மண்டபத்துல ஆள் பத்தல. அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போ."

"உங்களுக்கெல்லாம் குடுத்த அஞ்சு நிமிஷத்துல எம்புள்ளைக்கு ஒரு வருஷம் போச்சுடா. இனி அஞ்சு மணிக்கு மேல என்னையக் கூப்பிடாத."

செல்வக்குமார் அதன்பிறகு பேசவில்லை. கமிட்டியிலிருந்தும் பெயரை எடுத்தார்கள். "எடுத்துக்கங்க" என்றார் தமிழ்மாறன்.

தினமும் மகளை எதிரே உட்காரவைத்து, பொம்மையைக் காட்டி 'மாடு' என்று நூறு தடவை சொன்னார். பதினெட்டாம் நாள் அவள் "மாஉ" என்றாள். அவருக்கு அழுகை வரவில்லை. போன வருஷமே சொல்லியிருப்பாளே என்ற கோபம்தான் வந்தது.