ஒன்பது மணிக்கு வந்த ‘இருக்கேன்’

அன்று காலை ஒன்பதுக்கு ஆபீஸ் குழுவில் சடகோபனின் "இருக்கேன்" வழக்கம்போல வந்தது. தென்னூரில் டீக்கடை வாசலில் நின்றபடி நானும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டேன். டீ ஆறுவதற்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து அவர் தங்கை அழைத்தார். "பாய், அண்ணா போயிட்டான். ராத்திரியே பிராணன் போயிடுத்துன்னு டாக்டர் சொல்றார்." தனியாக இருந்த மனிதர். காபி கொண்டுபோன தங்கைதான் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்.

தில்லை நகர் ஆபீஸில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தச் சண்டை மறந்திருக்காது. ஆலைகளின் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் நம் சாஃப்ட்வேரை லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு புரோகிராம் தகவலைப் பிடிக்கும், இன்னொன்று திரையில் காட்டும். இரண்டும் பேசிக்கொள்ள லினக்ஸில் இருந்த வழி இங்கே அப்படியே ஒத்துவரவில்லை. ஷேர்டு மெமரி போதும், வேகமாக இருக்கும் என்றேன் நான். ஒரே பலகையில் ஒருவன் எழுத, மற்றவன் படிப்பது போன்ற ஏற்பாடு அது. சடகோபன், இரண்டையும் குழாய்போல நேராக இணைக்கும் பைப்தான் வேண்டும் என்றார். "எழுதறவன் செத்துப்போனா படிக்கறவனுக்குத் தெரிய வேண்டாமா பாய்? பைப்னா ஒரு முனை போனா மறுமுனைக்கு உடனே தெரியும். பலகைன்னா பழசையே படிச்சிண்டு உக்காந்திருப்பான்."

நான் விடவில்லை. அவர் என் கம்ப்யூட்டரில் தகவல் பிடிக்கும் புரோகிராமை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாம் நலம் என்று திரை பச்சையாகவே இருந்தது. அன்றே பைப்புக்கு மாறினோம்.

வீட்டிலிருந்து வேலை என்றானதும், தினமும் ஒன்பதுக்கு எல்லோரும் "இருக்கேன்" என்று போட வேண்டும் என்று மேனேஜர் உத்தரவிட்டார். சடகோபனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைத் தானாக அனுப்ப ஒரு சின்ன புரோகிராம் எழுதிவைத்துவிட்டார். "அவருக்கு வேண்டியது மெசேஜ்தானே, நானா?" என்றார். நாமெல்லாம் சிரித்தோம். ஊருக்கு உபதேசம் செய்தவர், தன் முனையில் பலகையை மாட்டிக்கொண்டார். அதற்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

தகனம் முடிந்த மறுநாளும் ஒன்பதுக்கு "இருக்கேன்" வந்தது. நான் ஸ்ரீரங்கம் போய் அந்தப் புரோகிராமை நிறுத்தினேன். தங்கை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே வராதா?"

"வராதும்மா."

சடகோபனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, பச்சைத் திரையை நம்பாத குணம் ஒன்றுதான். இப்போதெல்லாம் குழுவில் செய்தி வந்த பிறகும் உங்களை ஒவ்வொருவராக போனில் கூப்பிடுகிறேன். "என்ன பாய், காலங்காத்தால உயிரை வாங்கறீங்க" என்று சலித்துக்கொள்கிறீர்கள். அந்தச் சலிப்பைக் கேட்ட பிறகுதான் டீயை வாயில் வைக்கிறேன்.