கையை நசுக்கிவிடுமா?

கண்டியில் தாதிப் பயிற்சியின் செய்முறைப் பரீட்சை அன்று, பிரஷர் பார்க்க எனக்குக் கிடைத்த நோயாளி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர். கொழுந்துக் கறை போகாத விரல்களால் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். பரீட்சிக்க வந்த சிஸ்டர் பக்கத்தில் நின்றதும் பதற்றத்தில் படித்த வரிசையே மறந்துபோனது. பிரஷர் பட்டி நழுவி விழுந்தது.

“இது கைய நசுக்கிப்புடுமா மிஸ்? பயமா இருக்கு” என்றார் அந்த அம்மா.

“ஒண்டும் செய்யாது அம்மா. பயப்பிடாதேங்கோ, மெல்லமாத்தான் இறுக்குவன்.”

அவரைத் தேற்றிக்கொண்டே எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தேன். என் பதற்றம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

நான் வாசலை அடைவதற்குள் அடுத்த மாணவி வெளிறிய முகத்தோடு கட்டிலருகே போனாள். அவள் முகத்தைக் கண்டதும் அந்த அம்மா மறுபடியும் போர்வை நுனியைத் திருகத் தொடங்கினார்.

“இது கைய நசுக்கிப்புடுமா மிஸ்?”

அந்தக் குரலில் பயம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.