கீழத்தெருவில் அடிக்காத தமுக்கு

குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசில் அப்போது நான் கிளார்க். அந்த வருஷம் சீசன் கூட்டத்தோடு காலராவும் வந்திருந்தது. ஒரு சாயங்காலம், மறுநாள் தடுப்பூசி போடப்போவதைத் தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். கீழத்தெரு மட்டும் பாக்கி இருந்தபோது தமுக்குக்காரர், "சாரல்ல தோல் நனைஞ்சிட்டு அண்ணாச்சி, சத்தமே வரமாட்டேங்கு" என்றார். வாயால் சொல்லிவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். "போதும், போங்க" என்றேன்.

சில நாளில் கீழத்தெருப் பெண் ஒருத்தி, மகளைக் காலராவுக்குப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றாள். "எங்க தெருவுல தமுக்கு அடிக்கலையா அண்ணாச்சி?"

"அடிச்சாச்சே. காத்துச் சத்தத்துல கேட்டிருக்காது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்போ நாந்தான் காதுல வாங்காம இருந்துட்டேனா? எம்புள்ளைய நானே கொன்னுட்டேனே!"

கண்மூடும் வரை அவள் அதை நம்பினாள். ஒரே ஊரில்தான் இருந்தேன். ஒருநாளும் போய், அன்று தமுக்கு அடிக்கவே இல்லை என்று சொல்லவில்லை.