கீழ் வரிசையில் ஒரு இடம்

1. மேலே, கீழே

கோவில்பட்டியில் ஃப்ளெக்ஸ் டிசைன் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: இறந்தவர் படத்தையும் இருப்பவர் படத்தையும் ஒரே வரிசையில் வைத்துவிடக் கூடாது. வைத்தால் கஸ்டமர் கடையிலேயே கிழித்துப்போட்டுவிட்டுப் போவார்.

அந்த வாரமே புதூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. எழுபத்தொன்றாம் வருடப் போருக்குப் போய்த் திரும்பியவர்கள் டிசம்பரில் கூடுவார்கள். மேல் வரிசையில் காலமானவர்கள், மாலையோடு. கீழ் வரிசையில் இருப்பவர்கள். அப்போது கீழ் வரிசைதான் நீளம்.

பிறகு வருடந்தோறும் பழைய ஃபைலைத் திறப்பேன். கீழிருந்து ஒரு படத்தை கட் செய்து மேலே பேஸ்ட் செய்வேன். மாலையை ஏற்றுவேன். மிஞ்சிய படங்களை நெருக்கி நடுவுக்குக் கொண்டுவருவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சமைப்பேன். வேலைதானே.

2. சென்ற டிசம்பர்

முன்பெல்லாம் நாலைந்து பேராக வந்து, யார் மீசையைக் கறுப்பாக்குவது என்று அடித்துக்கொள்வார்கள். சென்ற டிசம்பரில் சுப்பையா அய்யா மட்டும் வந்தார். கீழ் வரிசையில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

என் மகன் கதிர் அப்போது எல்லையில் டூட்டியில் இருந்தான். நாலைந்து நாளாகப் போன் இல்லை. டிவியில் எந்நேரமும் எல்லைச் செய்தி. போனை கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

அய்யா மானிட்டரைக் குனிந்து பார்த்தார். “ஒத்தையா நிக்கேன்லா தாயி. சென்ட்ரி டூட்டி போட்ட மாதிரி.”

முதலாளி சிரித்தார். அய்யாவும் சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஒம் மவனும் பட்டாளத்துலதான இருக்கான்? அவன் படத்த எம் பக்கத்துல வையி. பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.”

யூனிஃபார்மில் கதிர் எடுத்துக்கொண்ட படம் அதே கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் படத்தை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, கதிரைப் பக்கத்தில் வைத்தேன். மேல் வரிசையைப் பார்த்தேன். அதில் பலரை இதே இடத்திலிருந்து தூக்கி வைத்தது என் கைதான்.

“என்னால முடியாதுங்கய்யா. இங்கன இருக்கவங்களத்தான் நான் வருசாவருசம் மேல ஏத்துதேன். எம்புள்ளய இங்கன வைக்க மாட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான், அவர் முகத்துக்கு நேராக என்ன சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. கதிரை டெலிட் செய்தேன். அந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

“அதுல நம்ம கடை பேரப் போட்ருங்கக்கா” என்றார் முதலாளி. “சும்மா விட்டா பிரிண்டர் ரிப்பேரும்பாங்க.”

பழக்கத்தில் நான் அய்யாவின் படத்தை நடுவுக்கு இழுக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைத் தொட்டார்.

“விடு தாயி. நான் ஓரத்துலயே நிக்கேன். இது காலியா கெடக்கதுதான் நல்லது. இங்கன ஆளு வரணும்னா இன்னொரு சண்ட வரணும்லா.”

அப்படியே பிரிண்ட் எடுத்தோம்.

3. புதிதாக வருகிறவர்களுக்கு

காலி இடத்தைக் கண்டால் பூவோ புறாவோ வைத்து நிரப்பத்தான் நமக்குக் கை போகும். எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. அந்த ஃபைலை யாரும் தொடக் கூடாது என்று கடையில் சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்த பிரிண்ட் எடுத்து இரண்டு நாள் கழித்துக் கதிர் பேசினான். டவர் இல்லை என்றான். இப்போதும் அவன் எல்லையில்தான்; போன் கீபோர்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டிசம்பர் பிறந்துவிட்டது. சுப்பையா அய்யா இன்னும் கடைப்பக்கம் வரவில்லை. இப்போது இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறேன்.