பூச்சி பேசறேன்

ஜிப் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஜிப் அக்கா என்றால் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கையை நீட்டுவார். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற கடைக் கட்டடம். அதன் மாடிப்படிக்குக் கீழே, குனிந்து நுழைய வேண்டிய ஓர் இடம். ஒரு தையல் மெஷின், ஒரு குறடு, ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. ஊரில் வாய் மூடாத பைகளும், பாதியில் மக்கர் பண்ணுகிற ஜாக்கெட்டுகளும் அங்கேதான் வந்து சேரும்.

பாதிப் பேர் ஜிப்பையே மாற்ற வேண்டும் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். அவள் ரன்னரைக் குறடால் இரண்டு பக்கமும் லேசாக நெருக்குவாள், பல்லில் மெழுகைத் தேய்ப்பாள், சர்ரென்று இழுத்துக் காட்டுவாள். "ஜிப்புக்கு ஒண்ணும் இல்லப்பா. நீ இழுக்கிற இழுப்புதான் சரியில்ல" என்பாள். நல்ல வாயாடி. வந்தவரைச் சிரிக்க வைக்காமல் பையைத் திருப்பிக் கொடுக்க மாட்டாள்.

அந்த வாயெல்லாம் கடையோடு சரி. வீட்டில் அவள் பேச்சு குறைந்து ரொம்ப நாளாகிவிட்டது. மகன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மகனை வீட்டில் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தான். வளர்ந்து அப்பாவைவிட உயரமான பிறகும் பூச்சி பூச்சியாகவே நின்றுவிட்டான். படிப்பைப் பாதியில் விட்டவன், வேலைக்கும் போகாமல் அறைக்குள் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தான். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மூக்கு நுனியில் கோபம். ஒரு நாள் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல நீ இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ அப்பாக்கள் சொல்கிற வசனம். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இவன் போட்டுக்கொண்டான். துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு போனான். அவன் எண் அன்றோடு செத்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அப்பா தேடாத இடமில்லை, வெளியே சொல்லத்தான் மாட்டார். பிறகு வேலை செய்கிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவனுக்குச் செய்தியே போகவில்லை. எந்த வாய் போகச் சொன்னதோ அந்த வாய் இப்போது இல்லை என்று மகனுக்குத் தெரிய வேண்டும், அவன் திரும்பி வர வேண்டும். அக்காவுக்கு அதற்கப்புறம் உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மூத்தவள், மகள், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள். "தம்பி எப்பவும் சந்துலதான்மா கிடப்பான். இப்பவும் கண்டிப்பா அங்கே இருப்பான்."

"எந்தச் சந்து?"

மகள் கைப்பேசியில் எடுத்துக் காட்டினாள். இணையத்தில் ஒரு தளம். அதில் புழங்குகிறவர்கள் வைத்த பெயர் சந்து. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எழுதுகிற எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: யாரோ. கேட்கிறவரும் யாரோ, பதில் சொல்கிறவரும் யாரோ, திட்டுகிறவரும் யாரோ. பதில் வருகிற வரைக்கும் ஒரு பேச்சு மேலே மிதக்கும். பதில் நின்றால் கீழே கீழே போய்க் காணாமல் போய்விடும்.

நல்லதே இல்லாத இடம் என்று சொன்னால் அது பொய். அக்கா உட்கார்ந்து படித்தாள். ஃபிரிட்ஜ் குளிராகவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார், நான்கு யாரோக்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெளியே சொல்ல வாய் கூசுகிற வியாதியை ஒருத்தி சொல்லி அழுதிருந்தாள், தேற்றியிருந்தார்கள். நம் பிள்ளை இவர்களோடுதான் இருந்திருக்கிறான், பரவாயில்லை என்று அக்காவுக்கு மனசு கொஞ்சம் லேசானது. அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பாள்.

மறுநாள் மகள் வேலைக்குப் போன பிறகு, அக்கா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். பத்திரிகையில் காணவில்லை என்று விளம்பரம் கொடுப்பார்களே, அந்த மாதிரி. தன் முழுப்பெயர், கடை விலாசம், கைப்பேசி எண், மகன் பெயர், எல்லாம். 'அப்பா இப்போது நம்முடன் இல்லை. உன்மேல் கோபத்தோடு போகவில்லை. நீ வீட்டுக்கு வா. நம்பர் அதேதான். இப்படிக்கு அம்மா.'

பெயரே இல்லாதவர்கள் கூடுகிற இடத்தில் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைப்பதைப் போன்ற அசட்டுத்தனம் சந்தில் வேறு கிடையாதாம். அங்கே அது எழுதாத சட்டம். மீறினவரைச் சும்மா விடக்கூடாது என்பதும் சட்டம். அக்காவுக்கு யார் சொன்னார்கள்?

முதலில் ஒரு யாரோ அன்பாகவே கேட்டான். பையனை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், அம்மா? என்ன பிடிக்கும்? உடம்பில் ஏதாவது அடையாளம்? தேடித்தருகிறேன். அக்கா ஒன்று விடாமல் சொன்னாள். பூச்சி என்பதை, முழங்கையில் இருக்கும் தழும்பை, ஆறிப்போன காபியைத்தான் குடிப்பான் என்பதை. கேட்டவன் நல்லவனா, விளையாடினவனா என்பது இன்றுவரை தெரியாது. அவனுக்கும் பெயர் யாரோதான்.

அன்று மாலையே முதல் அழைப்பு வந்தது.

"அம்மா, பூச்சி பேசறேன்."

அவள் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. "எங்கேடா இருக்கே? எங்கேடா போயிட்டே? அப்பா போயிட்டாருடா" என்று அழுதாள். அந்தப் பக்கம் ஐந்தாறு குரல்கள் சேர்ந்து சிரித்தன. அந்த அழுகையைப் பதிவு செய்து சந்தில் போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள்.

அதன் பிறகு அழைப்புகள் கொட்டின. கரகரத்த குரலில் பூச்சி, பெண் குரலில் பூச்சி, ஆறின காபி கேட்கும் பூச்சி. தழும்பைப் பற்றிக்கூடச் சொன்னார்கள். சோதித்துப் பார்ப்பதற்கு அவளிடம் ஒரு கேள்விகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "நம்பரை மாத்திடும்மா, ப்ளீஸ்."

"அவனுக்கு இந்த நம்பர்தான்டி தெரியும்."

ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தாள். எடுத்து எடுத்து ஏமாந்தாள். வேறு யாருக்கும் வராத பொறுமை. ஆனால் பொறுமை என்பது என்ன, பாறையா? தேய்கிற சமாசாரம்தானே.

கேலி சந்தோடு நிற்கவில்லை. யாராவது தாமதமாக வந்தால், பொய் சொன்னால், கடன் கேட்டால், 'பூச்சி பேசறேன்' என்று சொல்லிச் சிரிப்பது ஊரில் வழக்கமாகிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று சொல்கிறவர்களுக்கே தெரியாது. ஒரு மத்தியானம் இரண்டு கல்லூரிப் பெண்கள் பை தைக்க வந்தார்கள். ஒருத்தியின் கைப்பேசி அடித்தது. எடுத்து, குரலை இழுத்து, "அம்மா... பூச்சி பேசறேன்" என்றாள். மற்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நல்ல பெண்கள். போகும்போது தேங்க்ஸ்க்கா என்றார்கள். எதிரே உட்கார்ந்து ரன்னரை நெருக்கிக்கொண்டிருந்தவள்தான் அந்த அம்மா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் வெளியே போன கையோடு அவள் கைப்பேசி ஒலித்தது. எண் தெரியவில்லை.

"அம்மா."

அவ்வளவுதான். பூச்சி என்றுகூடச் சொல்லவில்லை.

"போதும்பா" என்றாள் அக்கா. "நீயும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே? எனக்குப் பையனே கிடையாது. செத்துட்டான்னு நினைச்சுக்கிட்டேன். இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதே."

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

"சரிம்மா" என்றது குரல். வைத்துவிட்டது.

அவள் அடுத்த ஜாக்கெட்டை எடுத்தாள். ஊசியில் நூல் ஏறவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தாள். உடனே திருப்பிக் கூப்பிட்டாள், அந்த எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அப்புறம் எத்தனை முறை முயன்றும் அப்படியேதான்.

வாரக் கடைசியில் மகள் வேலையிலிருந்து சீக்கிரமே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சந்தில் அம்மா எழுதியதற்குக் கீழே, கேலிகளுக்கு நடுவே ஒரு யாரோ எழுதியிருந்ததைக் காட்டினாள்.

'கூப்பிட்டேன். பையனே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லை என்பது இங்கே படித்துத்தான் தெரிந்தது. வரவேண்டும் என்றுதான் இருந்தேன். அக்கா, குளியலறைக் கதவை இப்போதும் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறதா? ஆள் வைத்துச் சரி பண்ணு. அம்மாவுக்கு இடுப்பு வலி.'

கதவைப் பற்றி ஜிப் அக்கா யாருக்கும் எழுதியதில்லை.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "நானே சொல்லிட்டேன்டி. செத்துட்டான்னு நானே என் வாயால சொல்லிட்டேன்" என்றாள். மகள் அங்கேயே பதில் எழுதினாள்: தம்பி, நான் அக்கா, அம்மா தெரியாமல் சொல்லிவிட்டாள், வா. அனுப்பி முடிப்பதற்குள் கீழே பதில்கள் வந்து விழுந்தன. நான்தான் தம்பி. இல்லை, நான்தான் தம்பி. அக்கா, கதவு எப்படி இருக்கிறது? கதவும் கேலியாகிவிட்டது. இருபது முப்பது தம்பிகள். அவர்களுக்கு நடுவே அவன் பதில் சொன்னானா, பார்த்துவிட்டுப் போனானா, பார்க்கவே இல்லையா? எல்லாருக்கும் ஒரே பெயர்.

அன்றிலிருந்து அக்கா எந்த அழைப்பிலும் கோபப்படவில்லை. பூச்சி பேசறேன் என்று எவன் சொன்னாலும், "சொல்லுப்பா. சாப்பிட்டியா? எங்கே தங்கியிருக்கே? அம்மா அன்னைக்குத் தெரியாமச் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதே. வீட்டுக்கு வா" என்பாள். சிலர் சிரித்தார்கள். சிலர் சட்டென்று வைத்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி, "நான் உங்க பையன் இல்லீங்க, சும்மா கூப்பிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றான். பரவாயில்லப்பா என்றாள்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் கழிசடைங்ககிட்ட எதுக்கும்மா கெஞ்சறே?"

"இதுல எவன் அவன்னு எனக்கு எப்படிடி தெரியும்? எல்லாரையும்தான் கேக்கணும்."

கேலிக்கும் ஆயுள் உண்டு. கோபப்படாதவளை எத்தனை நாள் சீண்டுவார்கள்? சந்துக்கு வேறு ஆள் கிடைத்தது. பதில் எழுத ஆளில்லாமல் அவள் எழுதியதும், கதவைப் பற்றி அவன் எழுதியதும் கீழே போய்க் காணாமல் போயின. அழைப்புகள் நாளுக்குப் பத்து என்பது வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் இல்லை. நிம்மதிதானே என்றார் வாட்ச்மேன்.

மெஷின் பக்கத்தில் கைப்பேசி திரை மேலே பார்த்தபடி கிடக்கிறது. கேலி செய்கிறவன்கூடக் கூப்பிடுவதில்லை.