அய்யா அளவு கேட்ட தீபாவளி

சிவப்புப் பொத்தானையும் அதற்கு அடுத்த பொத்தானையும் இரண்டு விரல்களால் ஒருசேர அழுத்தினால், உள்ளே சிறு தாழ்ப்பாள் விழுந்ததுபோல் "டக்" என்று ஓர் ஓசை எழும். பிறகு நாடா சுழலும் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும். தோலுறையிலிருந்து புதுச்செருப்பின் மணம் வரும். பதிகங்களுக்கும் பாசுரங்களுக்கும் எளிய உரை எழுதி வலைப்பூவில் இட்டுவரும் எனக்கு இன்றைய கைபேசியும் கணினியும் நெருங்கிய துணைகள்தாம். ஆயினும், உங்களுக்கு மிகவும் பிடித்த கருவி எது என்று வாசகர் ஒருவர் அண்மையில் கேட்டபோது, என் பத்தாவது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த, குரலைப் பதியும் அந்த "டேப்பு"தான் நினைவில் முந்திக்கொண்டு வந்தது.

உச்சிப்புளிக்கு மேற்கே, வானம் பார்த்த நெல்லும் மிளகாயும் விளையும் சிற்றூர் எங்களுடையது. அப்பாவை நாங்கள் அய்யா என்றே அழைப்போம். அண்ணன் தமக்குப் பின் வயலைப் பார்ப்பார் என்று அய்யா எண்ணியிருக்க, அண்ணனோ அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு அரபு நாட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அய்யா வாயிலிருந்து அண்ணன் பெயர் வரவில்லை. கடிதம் வந்தால் அதை நான் உரக்கப் படிப்பேன். அய்யா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

இதன் வலி முழுமையாகத் தெரிவது தீபாவளியில்தான். ஐப்பசி பிறந்ததும் அய்யா எங்களைப் பரமக்குடிக்கு ரயிலில் அழைத்துச் செல்வார். எங்களூர் ஆண்களுக்குத் தனித்தனிச் சட்டைத்துணி எடுக்கும் வழக்கம் இல்லை; ஒரே "தான்", அதாவது ஒரே சுருள் துணியை எடுத்து, தாத்தா, அய்யா, சித்தப்பா, அண்ணன் என வீட்டு ஆண்கள் நால்வருக்கும், எங்கள் வயலில் பாடுபடும் இருவருக்கும் சேர்த்து வெட்டிவந்து, உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுப்பார்கள். தீபாவளிக் காலையில் அவர்கள் வரிசையாகக் கோயிலுக்குப் போவதைப் பார்த்தால், ஒரே கொடியில் காய்ந்த துணிகள் இறங்கி நடப்பதுபோல் இருக்கும். யார் யார் இந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் என்பதை அந்தத் துணியே ஊருக்குச் சொல்லிவிடும். அண்ணன் போன பிறகு வந்த இரண்டு தீபாவளிக்கும் அய்யா ஐந்து சட்டைக்குத்தான் வெட்டச் சொன்னார். அந்த ஐந்தை ஆறாக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு இறைவனிடம் வேறு வேண்டுதல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் ஆண்டுப் புரட்டாசியில், அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்த கீழக்கரைக்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தார். கீழக்கரையில் மூத்தவர்களைக் "காக்கா" என்பார்கள். நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். அண்ணன் கொடுத்தனுப்பிய டேப்பையும் ஒரு கேசட்டையும் அம்மாவிடம் கொடுத்தார்.

"இதுல பேசிக் குடுங்கம்மா, நான் கொண்டு போயிச் சேத்துர்றேன். எங்க வீட்டுப் பொம்பளையள் இப்பக் கடுதாசியே எழுதுறதில்ல. சண்டை போடுறதுகூட இதுலதான்" என்றார்.

அவர் திரும்பிப் போவதற்கு முன்தினம், உச்சி வெயில் தாழ்ந்தபின், அம்மா கருவிக்கு முன்னால் அமர்ந்தார். அழுத்துகிற பொறுப்பு என்னுடையது. அய்யா அதே முற்றத்தின் மறுமூலையில் முதுகைக் காட்டி அமர்ந்து நார்க்கட்டில் பின்னிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்ட அம்மா, வாயை மூடிக்கொண்டு கருவியையே பார்த்தார். நாடா சுழன்றது. சற்றுக் கழித்து, "வெயிலு ரொம்பவா?" என்றார். மீண்டும் பேச்சில்லை. "நம்ம செவலை கன்னு போட்டுருக்கு, கெடேரி. என்ன பேரு வைக்கலாம்?" மீண்டும் அதே மௌனம்.

"அம்மா, நாடா சும்மா ஓடுது. தீந்துரும்" என்றேன்.

"ஏத்தா, நானே பேசிக்கிட்டிருந்தா அவன் எப்பப் பதில் சொல்லுவான்? செத்தப் பொறு."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான் மறுமூலையிலிருந்து குரல் வந்தது. "சட்டை அளவு என்னன்னு கேளு."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அய்யா சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. அந்தக் கேள்விக்கும் பதில் வருவதற்கு உரிய நேரத்தை விட்டுவிட்டு, போதும் என்று எனக்குக் கை காட்டினார். நான் பொத்தானை விடுவித்தேன்.

"நாஞ் சொன்னதும் அதுல ஏறிருச்சா?" என்று அய்யா கேட்டார்.

"ஏறிருச்சு அய்யா. அழிச்சுரவா?"

நாரை இழுத்து முடிச்சிட்டுவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

காக்கா கேசட்டோடு புறப்பட்டுப் போனார். அடுத்த வாரம் பரமக்குடிக் கடையில், மர மேசைமேல் இளநீலத் தானை விரித்துப் போட்ட கடைக்காரர், "வழக்கம்போல அஞ்சுதானே?" என்றார்.

"ஆறு" என்றார் அய்யா. "ஒண்ணுக்கு அளவு கேட்டு விட்டுருக்கு. அதை மட்டும் தாராளமா வெட்டுங்க."

அம்மா வேறு பக்கத்து அடுக்கில் இருந்த சேலைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆறாவது துணி தீபாவளி முடிந்தும் தைக்கப்படாமல், சாமி படத்துக்குக் கீழே மடித்த மடிப்பு மாறாமல் இருந்தது.

கார்த்திகையில் இன்னொரு கீழக்கரைக்காரர் வழியாக அதே கேசட் திரும்பி வந்தது. அண்ணன் அதிலேயே பேசி அனுப்பியிருந்தார். அதனால் அம்மாவின் குரல் அழிந்துபோய், பதில்கள் மட்டும் இருந்தன. "சாப்பிட்டேம்மா" என்றது பெட்டி. நீண்ட மௌனம். "ஆமாம்மா, கண்ணு கூசும்." மறுபடி மௌனம். எது எதற்குப் பதில் என்று தெரியாமல் நான் விழித்தேன். அம்மாவோ, "மொதல்லருந்து போடு" என்று சொல்லி, நேர்முன்னால் அமர்ந்து, தாம் கேட்ட கேள்விகளை அதே வரிசையில் கேட்கத் தொடங்கினார். ஒன்றைக்கூட அவர் மறந்திருக்கவில்லை. அண்ணனும் அவருக்கு இடம் விட்டே பேசியிருந்தார்.

"கெடேரிக்கு என்ன பேருப்பா?"

"லெச்சுமிதான். நம்ம வீட்டுல வேற பேரு எப்ப வச்சோம்?"

அதற்கு அடுத்த கேள்வியின் முறை வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். அது அவர் கேட்ட கேள்வி அன்று. நாடா சுழன்றுகொண்டே இருந்தது. நான் அய்யாவைப் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியை நோக்கிச் சற்றே குனிந்து, "சட்டை அளவு என்னப்பா?" என்றார்.

"முப்பத்தெட்டு அய்யா. நான் ஊருக்கு வந்து ஒங்க கூடச் சாப்பிட்டா ஏறிரும். நாப்பதா வச்சுத் தைக்கச் சொல்லுங்க."

அய்யா அன்று மாலையே துணியை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனார்.

பேசாத இறைவனிடம் பேசி, கேட்டு, ஊடி, அவன் பதிலுக்காகப் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் காத்துநின்ற அடியார்களைப் பற்றி வலைப்பூவில் பலமுறை எழுதியிருக்கிறேன். பதில் உண்டு என்ற உறுதி இருந்தால்தான் மனிதர் அப்படி இடம் விட்டுப் பேச முடியும் என்பதை நான் ஏட்டில் படிக்கவில்லை. அம்மா அமர்ந்திருந்த அந்த முற்றத்தில் கண்ணால் கண்டேன்.

அடுத்த தீபாவளிக்கு அண்ணன் வந்தார். உச்சிப்புளி நிலையத்துக்கு அய்யாவே வண்டி பூட்டிக்கொண்டு போனார். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள, சென்ற ஆண்டின் வெளுப்பேறிய நீலத்தில் ஐவரும் மடிப்புக் கலையாத புதுநீலத்தில் ஒருவருமாக அவர்கள் ஊருக்குள் நடந்த அந்த மாலை, இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அய்யாவும் அம்மாவும் இறைவன் திருவடி சேர்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. டேப்பு துருவேறி, எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. இப்போது எங்கள் பேரப்பிள்ளைகள் தீபாவளித் துணியைக் கைபேசியிலேயே ஆளுக்கொரு நிறத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு நாளில் வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்த வேகத்தை நான் வியந்து ரசிக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துப் பேசுகிறோம். எந்தக் குரலும் இன்று அழிய வேண்டியதில்லை. அய்யாவின் குரல் மட்டும் எதிலும் இல்லை. அவர் பதிவான ஒரே இடம் அந்தக் கேசட். அதை அழித்தவர் அண்ணன்.

இராமநாதபுரத்தில் வசிக்கும் அண்ணனிடம், இந்தக் கட்டுரையை வலையேற்றுமுன் சென்ற வாரம் படித்துக் காட்டினேன். ஐம்பது ஆண்டுகளாகக் கேட்காமல் வைத்திருந்ததையும் கேட்டேன். "அங்கன வேற கேசட்டே கெடைக்கலையாண்ணே? அய்யா பேசுனதை வச்சுக்கிட்டு, வேற ஒண்ணுல பேசி அனுப்பிருக்கலாமே."

"பத்துக் கேசட் கெடந்துச்சு, ஆத்தா" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காக்கா கொண்டாந்து குடுத்ததுலருந்து அந்த ஒரு வார்த்தையையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். இது கையில இருந்தா இதுவே போதும்னு அங்கனயே இருந்துருவோம்னு பயம் வந்துருச்சு. அதான் அழிச்சேன். பெறகு அய்யா குரலைக் கேக்கணும்னா ஊருக்குத்தான வந்தாகணும்."